வீடு, அலுவலகம், மடிக்கணினி: புக்மார்க்குகளை ஒரே பட்டியலாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய அலுவலகத்தில் அன்று எனக்குக் கடைசி நாள். மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்கும் முன் நம் சொந்தச் சங்கதிகளைத் துடைத்துவிட்டுக் கொடுப்பதுதானே முறை? குரோமில் புக்மார்க் மேனேஜரைத் திறந்தேன், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன், டெலீட் அடித்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கணினியைப் போட்டால் புக்மார்க் பட்டை காலி. தமிழ் லெக்சிகன் தேடல் பக்கம், மதுரைத் திட்டம், மின்கட்டணம் கட்டும் பக்கம், மொழிபெயர்ப்புக்காக ஒன்பது வருடமாகச் சேர்த்த கலைச்சொல் பட்டியல்கள் என எதுவுமே இல்லை.

கணினிமேல் குற்றம் சொல்ல வழியில்லை, நான் சொன்னதைத்தான் செய்தது. சிங்க் (ஒரு கணினியில் செய்யும் மாற்றத்தை மற்றவற்றுக்கும் கொண்டுபோகும் வசதி) போட்டிருந்தால் பேக்கப் எடுத்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தது என் தப்பு. போனதை எப்படி மீட்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்த நிலை உங்களுக்கு வராமல் இருக்க என்ன வரிசையில் செய்ய வேண்டும் என்பது முதலில்.

உள்ளே என்ன நடக்கிறது

இது புரிந்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. ஒவ்வொரு புக்மார்க்குக்கும் பிரவுசர் ரகசியமாக ஓர் அடையாள எண் வைத்திருக்கிறது. பெயரை மாற்றினாலும் வேறு ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டாலும் அந்த எண் மாறாது. நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் ‘இந்த எண்ணுக்கு இது நடந்தது’ என்று சர்வருக்குப் போகிறது, அங்கிருந்து உங்கள் மற்ற கணினிகளுக்கு இறங்குகிறது. அழிப்பதும் அப்படித்தான். ‘இந்த எண் இனி இல்லை’ என்ற குறிப்பு சர்வரில் உட்கார்ந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து நீங்கள் திறக்கும் கணினியும் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத் தன்னிடம் இருப்பதை அழித்துவிடும்.

இரட்டை இரட்டையாகப் பெருகுவதற்கும் இதுதான் காரணம். கூட வேலை பார்த்த தம்பி ஒருவன் ஒருநாள் போன் செய்து, “அண்ணே, என் புக்மார்க் எல்லாம் மூணு மூணா நிக்குது” என்றான். விசாரித்தால், புக்மார்க்குகளைப் பிரதி எடுத்து வைத்த ஒரே எச்டிஎம்எல் ஃபைலை மூன்று கணினிகளிலும் தனித்தனியாக இம்போர்ட் செய்துவிட்டு அதன்பிறகு சிங்க்கை ஆன் செய்திருக்கிறான். மூன்று இடத்திலும் அந்தப் பக்கங்களுக்கு வேறு வேறு எண்கள், வேறு வேறு ஃபோல்டர்கள். முதல்முறை இணைக்கும்போது பிரவுசர் பெயரையும் முகவரியையும் ஒப்பிட்டுச் சேர்க்கத்தான் பார்க்கும். ஆனால் ஒரு கணினியில் பட்டையிலும், இன்னொன்றில் ‘இம்போர்ட்டட்’ என்ற ஃபோல்டருக்குள்ளும் கிடந்தால் இரண்டையும் வேறு வேறு சரக்காகவே எடுத்துக்கொள்ளும்.

ஆக, பட்டியலை ஒரே ஒரு கணினியில் மட்டும் ஒழுங்கு செய்ய வேண்டும். மற்றவை காலிப் பாத்திரமாக வந்து சேர வேண்டும்.

முதல் படி: எல்லாக் கணினியிலிருந்தும் ஒரு பிரதி

எதையும் தொடும் முன் ஒவ்வொரு கணினியிலும் இதைச் செய்யுங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் புக்மார்க் மேலாண்மைப் பக்கம் திறக்கும். குரோமில் அந்தப் பக்கத்தின் வலது மேல் ஓரம் இருக்கும் மூன்று புள்ளியில் ‘எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ்’. ஃபயர்ஃபாக்ஸில் ‘இம்போர்ட் அண்ட் பேக்கப்’ மெனுவுக்குள் ‘எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ் டு எச்டிஎம்எல்’. எட்ஜில் ஃபேவரிட்ஸ் பக்கத்தின் மூன்று புள்ளிக்குள் எக்ஸ்போர்ட்.

கிடைக்கும் ஃபைலுக்கு ‘வீடு-குரோம்’, ‘ஆபீஸ்-எட்ஜ்’ என்று தேதியோடு பெயர் வையுங்கள். எல்லா பிரவுசரும் இயல்பாக ஒரே மாதிரிப் பெயர்தான் கொடுக்கும், அப்புறம் எது எதுவென்று தெரியாமல் முழிக்க வேண்டிவரும்.

இந்த ஃபைலின் வடிவம் நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசரின் காலத்தது. இன்றைக்குக் குரோம் எழுதினாலும் ஃபைலின் முதல் வரியில் நெட்ஸ்கேப் பெயர்தான் இருக்கும். எல்லா பிரவுசருக்கும் இது புரியும் என்பதே இதன் பெருமை. நம் ஆட்களுக்கு மட்டும் இரண்டு எச்சரிக்கை. அதை நோட்பேடில் திறந்து கைவைக்க வேண்டியிருந்தால், சேமிக்கும்போது எழுத்துக் குறியாக்கத்தை (என்கோடிங்) யூடிஎஃப்-8 என்றே வையுங்கள். ஆன்சி என்று மாறினால் தமிழ்த் தலைப்புகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். அப்படி ஆன பிறகு திரும்பப் பெற வழியே இல்லை. இரண்டாவது, தமிழ் விக்கிப்பீடியா மாதிரிப் பக்கங்களின் முகவரிகள் சதவீதக் குறியும் எண்களுமாக நீண்டு கிடக்கும். பயப்பட வேண்டாம், அது கெட்டுப்போகவில்லை. ‘தமிழ்’ என்ற சொல்லுக்குக் கணினிக் கணக்கில் 5 குறியீடுகள். ஒவ்வொன்றும் 3 பைட், ஒவ்வொரு பைட்டையும் எழுத 3 எழுத்து. நமக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் சொல் முகவரியில் 45 எழுத்தாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: தாய்க் கணினி

நீங்கள் அதிகம் புழங்கும், பட்டியல் பெரிதாக இருக்கும் கணினியைத் தாய்க் கணினியாக வைத்துக்கொள்ளுங்கள். சிங்க் இன்னும் ஆன் ஆகக் கூடாது. மற்ற கணினிகளிலிருந்து எடுத்த எச்டிஎம்எல் ஃபைல்களை இதில் மட்டும் இம்போர்ட் செய்யுங்கள். குரோமில் அவை பெரும்பாலும் ‘இம்போர்ட்டட்’ ஃபோல்டரில் வந்து இறங்கும். உடனே அதற்கு ‘ஆபீஸிலிருந்து’ என்கிற மாதிரி வேறு பெயர் கொடுத்துவிட்டு அடுத்ததை இறக்குங்கள்.

ஃபயர்ஃபாக்ஸ்காரர்கள் இங்கே கவனம். அதே மெனுவில் ‘இம்போர்ட்’, ‘ரெஸ்டோர்’ என்று இரண்டு இருக்கும். இம்போர்ட் இருப்பதோடு சேர்க்கும். ரெஸ்டோர் இருப்பதை எல்லாம் தூக்கிவிட்டு அந்த இடத்தில் பழைய பிரதியை வைக்கும்.

பிறகு களையெடுப்பு. குரோமில் இரட்டைகளைக் கண்டுபிடிக்க வசதி கிடையாது. எட்ஜில் இருக்கிறது: ஃபேவரிட்ஸ் மெனுவில் ‘ரிமூவ் டூப்ளிகேட் ஃபேவரிட்ஸ்’. நான் குரோம் பட்டியலை எட்ஜுக்குக் கொண்டுபோய், அங்கே இரட்டைகளை நீக்கி, திரும்ப எக்ஸ்போர்ட் செய்து எடுத்துவருவது உண்டு. பெயரும் முகவரியும் அச்சாக ஒன்றாக இருப்பவற்றைத்தான் அது பிடிக்கும். தலைப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் விட்டுவிடும். மீதியைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

ஃபோல்டர் அமைப்பை இப்போதே முடிவு செய்யுங்கள். பின்னால் இரண்டு கணினியில் மாறி மாறி இழுத்துப் போட்டால்தான் குழப்பம். வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, ‘படிக்கணும்’ என்று ஒன்று. மூன்றாவது குப்பைத்தொட்டியாகிவிடும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இருந்தாலும் அது வேண்டும், இல்லாவிட்டால் குப்பை மற்ற இரண்டிலும் சேரும்.

மூன்றாம் படி: தாய்க் கணினியில் சிங்க்

எல்லாக் கணினியிலும் ஒரே பிரவுசர்தான் என்றால் அதனுடைய சொந்த சிங்க்கே போதும். வெளியிலிருந்து எதுவும் வேண்டாம்.

குரோமில் வலது மேல் மூலையில் உள்ள ப்ரொஃபைல் படத்தைச் சொடுக்கிக் கூகுள் கணக்கில் நுழையுங்கள். சில பதிப்புகள் ‘டர்ன் ஆன் சிங்க்’ என்று தனியாகக் கேட்கும், சிலவற்றில் உள்ளே நுழைந்தாலே போதும். எப்படியானாலும் செட்டிங்ஸுக்குள் போய் எதெதை சிங்க் செய்வது என்ற பட்டியலைப் பாருங்கள். நமக்கு வேண்டியது புக்மார்க் மட்டும்தான் என்றால் பாஸ்வேர்ட், ஹிஸ்டரி, பணம் செலுத்தும் விவரங்களை அணைத்துவிடலாம். இன்னொன்றும் பாருங்கள்: சில பதிப்புகளில் கணக்கில் உள்ளவை தனி, இந்தக் கணினியில் மட்டும் உள்ளவை தனி என்று இரண்டு பிரிவாகக் காட்டும். அப்படித் தெரிந்தால் இரண்டாவது பிரிவில் இருப்பது வேறெங்கும் போகாது, கணக்கின் பக்கம் நகர்த்த வேண்டும்.

கூகுளே படிக்க முடியாதபடி பூட்ட வேண்டும் என்றால் ‘பாஸ்ஃப்ரேஸ்’ என்ற தனி ரகசியச் சொற்றொடர் வைக்கலாம். மறந்துவிட்டால் சர்வரில் உள்ளதை அழித்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். கணினியில் உள்ள பட்டியல் அப்படியே இருக்கும் என்பதால் பெரிய நட்டமில்லை.

ஃபயர்ஃபாக்ஸில் இந்தப் பூட்டு இயல்பாகவே இருக்கிறது. 2007-இல் மொசில்லா ‘வீவ்’ என்ற பெயரில் சோதனையாகத் தொடங்கி, 2011-இல் ஃபயர்ஃபாக்ஸ் 4-ஓடு உள்ளேயே சேர்த்தது இது. உங்கள் பாஸ்வேர்டை வைத்துத்தான் சாவி உருவாகிறது என்பதால் சர்வரில் இருப்பதை மொசில்லாவாலும் படிக்க முடியாது. இதற்கு ஒரு விலை உண்டு. பாஸ்வேர்ட் மறந்து ரீசெட் செய்தால் சர்வரில் உள்ளது போய்விடும். அதைத் தவிர்க்க மொசில்லா கணக்கின் செட்டிங்ஸில் ‘ரெகவரி கீ’ ஒன்றை உருவாக்கித் தாளில் எழுதி வையுங்கள். இதை இன்றே செய்துவிடுவது நல்லது, நாளைக்கு என்றால் நடக்காது. ஃபயர்ஃபாக்ஸில் எனக்குப் பிடித்த விஷயம் டேகுகளும் கீவேர்டுகளும். லெக்சிகன் தேடலுக்கு ‘லெ’ என்று கீவேர்ட் வைத்திருக்கிறேன். முகவரிப் பட்டையில் ‘லெ’ அடித்து இடம் விட்டுச் சொல்லைத் தட்டினால் நேரே பொருள் வந்து நிற்கும். இன்னொரு ஃபயர்ஃபாக்ஸுக்கு இதுவும் சேர்ந்தே போகும், குரோமுக்கு மாறினால் அப்படியே வரும் என்று நம்பிவிட முடியாது.

எட்ஜில் மைக்ரோசாஃப்ட் கணக்கு, சஃபாரியில் ஐகிளவுட், இரண்டிலும் நடைமுறை குரோம் மாதிரிதான். சஃபாரி புக்மார்க்குகள் விண்டோஸ் கணினியிலும் வேண்டும் என்றால் ‘ஐகிளவுட் ஃபார் விண்டோஸ்’ நிறுவி, பிரவுசரில் அதற்கான எக்ஸ்டென்ஷனையும் போட வேண்டும். பிரேவ் மட்டும் வித்தியாசமானது. கணக்கே இல்லை, 24 சொற்கள்தான் சாவி. இன்னொரு கணினியை இணைக்கும்போது 25-ஆவதாக ஒரு சொல் சேரும், அது நாள்பட்டால் செல்லாது. போன வாரம் எழுதி வைத்ததை இன்றைக்குத் தட்டிவிட்டுத் திட்டாதீர்கள், முதல் கணினியில் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் குரோமியம் (குரோமுக்கு அடிப்படையான திறந்த மூல பிரவுசர்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2021 மார்ச் 15-ஓடு மற்றவர்கள் தொகுத்துத் தரும் குரோமியத்துக்குக் கூகுள் சிங்க்கை நிறுத்திவிட்டது. அதில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

நான்காம் படி: அடுத்த கணினி, ஒவ்வொன்றாக

இரண்டாவது கணினியில் புக்மார்க்குகள் ஏற்கெனவே எக்ஸ்போர்ட் ஆகி, தாய்க் கணினிக்கும் வந்து சேர்ந்துவிட்டன என்பதை ஒருமுறை சரிபாருங்கள். பிறகு, சிங்க் இன்னும் இணையாத நிலையிலேயே, அங்கே இருப்பதை எல்லாம் அழியுங்கள். என் கதையைப் படித்த பிறகு கை நடுங்கும், நடுங்கட்டும். இணைக்கும் முன் அழித்தால் அந்த அழிப்பு அந்தக் கணினியோடு நின்றுவிடும். இணைத்த பின் அழித்தால் ஊருக்கே பரவும்.

காலியானதும் அதே கணக்கில் நுழையுங்கள், பட்டியல் இறங்கும். பெரிய பட்டியலாக இருந்தால் ஓரிரு நிமிடம் பிடிக்கலாம், அதற்குள் எதையும் நகர்த்தாதீர்கள். இறங்கியதும் ஒரு சோதனை. தாய்க் கணினியில் ‘சோதனை’ என்று ஒரு புக்மார்க் போடுங்கள், இங்கே வருகிறதா பாருங்கள். இங்கே அதன் பெயரை மாற்றுங்கள், அங்கே மாறுகிறதா பாருங்கள். கடைசியாக இங்கே அழித்து, அங்கேயும் மறைகிறதா பாருங்கள். மூன்றும் சரி என்றால் மூன்றாவது கணினிக்குப் போகலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் இணைத்து அவசரப்பட்டால் எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க முடியாது.

பிரவுசர் வேறு வேறாக இருந்தால்

அலுவலகத்தில் எட்ஜ்தான் வைக்க வேண்டும், வீட்டில் ஃபயர்ஃபாக்ஸ். இப்படி வேறு வேறு பிரவுசர்களுக்கு இடையே சிங்க் செய்ய ஒரு காலத்தில் எக்ஸ்மார்க்ஸ் என்ற சேவை இருந்தது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளைக் கொண்டுவந்த மிட்ச் கபோர் 2006-இல் ஃபாக்ஸ்மார்க்ஸ் என்று தொடங்கியது. பிரமாதமாக வேலை செய்யும். 2010-இலேயே மூடப்போவதாகச் சொல்லிப் பிறகு லாஸ்ட்பாஸ் நிறுவனம் வாங்கிப் பிழைத்தது, 2018 மே 1-இல் நிஜமாகவே மூடியது. கூகுள் புக்மார்க்ஸ் சேவை 2021-இல் போனது, பக்கங்களைப் பிறகு படிக்கச் சேர்த்து வைக்கும் பாக்கெட் சேவை 2025 ஜூலை 8-இல் போனது. அடுத்தவர் சர்வரில் வைக்கும் சரக்கு என்றைக்கு இருந்தாலும் வாடகை வீடுதான். அதனால் நான் இப்போது பயன்படுத்துவது ஃப்ளாக்கஸ் என்ற திறந்த மூல எக்ஸ்டென்ஷன். அதற்கென்று சர்வர் கிடையாது. உங்கள் கூகுள் டிரைவிலோ, வெப்டாவ் (இணையம் வழி ஃபைல்களைப் படித்து எழுதும் முறை) வசதி உள்ள எந்தச் சேமிப்பிலோ, நெக்ஸ்ட்கிளவுட் என்ற திறந்த மூலச் சேமிப்பிலோ ஒரு ஃபைலாகவோ பட்டியலாகவோ வைத்துக்கொள்ளும்.

தாய்க் கணினியில் எக்ஸ்டென்ஷனை நிறுவிப் புதிய ப்ரொஃபைல் ஒன்று தொடங்குங்கள். எங்கே வைப்பது என்று கேட்கும், கூகுள் டிரைவ் சுலபம். உள்நுழைந்து, ஃபைல் பெயர் கொடுத்து, விரும்பினால் பாஸ்ஃப்ரேஸும் வையுங்கள். அடுத்து வரும் கேள்விதான் முக்கியம்: எந்த ஃபோல்டரை சிங்க் செய்வது? முழுப் பட்டியலையும் கொடுக்காதீர்கள். குரோமில் புக்மார்க் பட்டை, ‘அதர் புக்மார்க்ஸ்’ என்றிருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் ‘மெனு’ என்று கூடுதலாக ஒன்று உண்டு. அஸ்திவாரமே வேறு. அதனால் இரண்டிலும் பட்டைக்குள் ‘பொது’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதை மட்டும் இணையுங்கள். எது எல்லா இடத்திலும் வேண்டுமோ அதை அதற்குள் போடுங்கள். இரண்டாவது பிரவுசரில் அந்த ஃபோல்டர் காலியாக இருக்க வேண்டும் என்ற பழைய விதி இங்கேயும் உண்டு.

ஒரே அடியில் பெரும் பகுதி அழியப்போகிறது என்றால் ஃப்ளாக்கஸ் வேலையை நிறுத்திவிட்டு எச்சரிக்கும். இந்த ஒரு குணத்துக்காகவே அதன்மேல் எனக்கு மரியாதை. ஒரே ஒரு விஷயம்: ஒரு ஃபோல்டரை ஃப்ளாக்கஸும் பார்த்து, பிரவுசரின் சொந்த சிங்க்கும் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று துரத்தி இரட்டைகளை உண்டாக்கக்கூடும். ஒன்றை அணைத்துவிடுங்கள்.

பிரவுசரின் ப்ரொஃபைல் ஃபோல்டரையே டிராப்பாக்ஸுக்குள் வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அதற்குள் இருப்பவை, பிரவுசர் ஓடும்போது நிமிடத்துக்கு நிமிடம் எழுதப்படும் தரவுத்தள ஃபைல்கள். இரண்டு கணினியில் ஒரே சமயம் திறந்தால் பட்டியல் சிதைந்துபோகும்.

அலுவலகக் கணினி

‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று பிரவுசர் மெனுவில் கண்டால் சிங்க்கை நிர்வாகியே அணைத்து வைத்திருக்கலாம். சண்டை போடாதீர்கள். அனுமதி இருந்தாலும் தனி ப்ரொஃபைல் ஒன்று உருவாக்கி, அதில் புக்மார்க் மட்டும் ஆன் செய்யுங்கள். வங்கிப் பாஸ்வேர்ட் அங்கே போய் உட்கார வேண்டிய அவசியமே இல்லை. பிரவுசிங் சென்டரில், நண்பர் வீட்டில் எல்லாம் சிங்க் என்ற பேச்சே வேண்டாம்.

விடைபெறும் நாளில் செய்ய வேண்டிய வரிசை இது: முதலில் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். அப்போதே ‘இந்தக் கணினியில் உள்ள தரவையும் அழிக்கவா’ என்று கேட்டால் ஆம் சொல்லுங்கள். கேட்காவிட்டால் வெளியேறிய பிறகு அந்த ப்ரொஃபைலையே நீக்குங்கள். கையால் ஒரு புக்மார்க்கையும் அழிக்காதீர்கள்.

பேக்கப், அப்புறம் மீட்பு

ஃபயர்ஃபாக்ஸ் தானாகவே தேதி வாரியாகப் பிரதிகள் எடுத்து, இயல்பாக 15 வரை வைத்திருக்கும், ‘ரெஸ்டோர்’ மெனுவில் பார்க்கலாம். குரோமில் ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் ஒரே ஒரு பழைய பிரதிதான், அடுத்த முறை திறக்கும்போது அதுவும் மாறிவிடும். எனவே மாதம் ஒருமுறை எக்ஸ்போர்ட். மின்கட்டணம் கட்டும் நாளோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது.

சரி, என் கதை. அழித்த கையோடு தெரிந்திருந்தால் புக்மார்க் மேனேஜரிலேயே கண்ட்ரோல், இசட் அழுத்தி முடித்திருப்பேன். நான்கு மணி நேரம் ஆகிவிட்டது, அலுவலகக் கணினியும் கையை விட்டுப் போய்விட்டது. ஆனால் இரண்டு மாதமாகப் பைக்குள் கிடந்த என் பழைய மடிக்கணினி நினைவுக்கு வந்தது. அழிப்புச் செய்தி அதற்கு இன்னும் போயிருக்காது. எடுத்துப் போட்டால் போதும், அதுவாக வைஃபையில் சேர்ந்து அழித்துக்கொண்டுவிடும். எனவே முதலில் ரவுட்டரின் சுவிட்சை அணைத்தேன். வீட்டில் எல்லோரும் கத்தினார்கள். மடிக்கணினியைப் போட்டு, குரோமைத் திறந்தால் பட்டியல் முழுதாக இருந்தது. எக்ஸ்போர்ட் செய்து, ஃபைலைப் பென் டிரைவில் ஏற்றி, ஃபைலைத் திறந்து லெக்சிகன் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே ரவுட்டரைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் என் கண் முன்னாலேயே அந்தப் பட்டையும் காலியானது.

பென் டிரைவை வீட்டுக் கணினியில் செருகி இம்போர்ட் செய்தேன், ஃபோல்டர்கள் அப்படியே வந்தன. விடுபட்டது அந்த இரண்டு மாதத்தில் புதிதாகச் சேர்த்தவை மட்டும்தான். குரோம் ஹிஸ்டரி 90 நாள் வரை இருக்கும் என்பதால் கண்ட்ரோல், எச் அழுத்தி உட்கார்ந்து தேடினேன். பதினேழு பக்கங்கள் அகப்பட்டன. அதில் பாதியை ஏன் புக்மார்க் செய்தேன் என்பதே நினைவில்லை, விட்டுவிட்டேன்.